பட்டனை அழுத்தினவங்க

அந்த வாரம் பூரா எங்க கடை வெப்சைட்டுக்குத் தினமும் நாப்பது பேர் வந்தாங்க. கடைக்கு ஒருத்தர்கூட வரலை. இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?

எங்களோடது பெட்டி ரிப்பேர் கடை. சூட்கேஸ், ஸ்கூல் பை, லேப்டாப் பை, எது வந்தாலும் சரி. ஜிப்புல ரன்னர் போச்சா, சக்கரம் கழண்டுச்சா, இழுக்கற கம்பி பாதியில மாட்டிக்கிச்சா, எங்க வீட்டுக்காரர் கைக்கு வந்தா ஒரு மணி நேரத்துல சரியாயிடும். அந்த விஷயத்துல அவரைக் குறை சொல்ல முடியாது. மத்த விஷயத்துல சொல்லலாம். சொல்லத்தான் போறேன்.

ரெண்டு வருஷமா பக்கத்துக் கடைதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. புதுப் பெட்டி விக்கற கடை. ரிப்பேர்னு வர்றவங்களை எல்லாம் இங்க அனுப்பிடுவாங்க. அவங்க கடையைக் காலி பண்ணிட்டுப் போனதும் எங்க வாசல்ல ஈ காக்கா இல்லை. இதுல அடுத்த மாசம் முப்பதாம் தேதியோட வாடகை ஒப்பந்தம் வேற முடியுது. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறோமா, சாவியைக் குடுக்கறோமான்னு கட்டட ஓனருக்கு அன்னிக்குள்ள சொல்லியாகணும்.

சாவியைக் குடுத்தா இவர் எங்க போவார்னு எனக்குத் தெரியும். இவரோட பெரியப்பா பையன் பார்சல் குடோன் வெச்சிருக்கார். "வந்துடு, பழைய வேலையே தர்றேன்"னு ரெண்டு மாசமா கூப்பிட்டுக்கிட்டிருக்கார். ஏற்கெனவே நாலு வருஷம் அங்க இருந்தவர்தான். அந்த நாலு வருஷமும் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழட்டி மாட்டிட்டு சுவத்தைப் பார்த்து உக்காந்திருப்பார். கேட்ட கேள்விக்கு ஒரு 'ம்'. கேக்கலைன்னா அதுவும் கிடையாது. கடை போட்டப்புறம்தான் மனுஷன் சாப்பிடும்போது பேச ஆரம்பிச்சார். எனக்கு அந்தச் சுவத்தைப் பார்க்கற ஆள் திரும்ப வேண்டாம். அந்தப் பயத்துலதான் நான் சைட்டுக்கு வர்றவங்களை எண்ணற இந்த அனலிடிக்ஸ்ல தலையை விட்டேன்.

சொல்லிக் குடுத்தது என் நாத்தனார், இவரோட தங்கச்சி. நான் அவளுக்கு வெச்ச பேர் இன்ஸ்பெக்டர். ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் செக்ஷன்ல வேலை. வேற ஊர்ல இருக்கா, மாமியாரும் அவகூடத்தான். நாலு மாசத்துக்கு முன்னாடி அவதான் எங்களுக்கு வெப்சைட் போட்டுக் குடுத்தா. முதல் பக்கத்துல எங்க வீட்டுக்காரர் ஒரு பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கற போட்டோ. கீழ பெரிசா ஒரு பச்சை பட்டன், 'இப்பவே கூப்பிடுங்க'. போன்ல பார்க்கறவங்க அதை அழுத்தினா நேரா இவர் போனுக்கு வரும். அவ அழுத்திப் பார்த்தா, அடிச்சுது. நான் அழுத்திப் பார்த்தேன், அடிச்சுது. எல்லாம் சரியா இருக்குன்னு முடிவு பண்ணிட்டோம்.

"அண்ணி, சைட் போட்டாச்சு. இனிமே யார் வர்றாங்க, எங்கேருந்து வர்றாங்க, வந்து என்ன பண்றாங்கன்னு எண்ணணும்"னா. "எண்ணாம வியாபாரம் பண்றது கண்ணை மூடிக்கிட்டு ரோட்டைத் தாண்டற மாதிரி."

சரின்னேன். நாலு வரி கம்ப்யூட்டர் கோடு அனுப்பி, இதைக் கொண்டுபோய் சைட்டோட தலையில ஒட்டுங்கன்னா. தலை எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்ச தலை இவரோடதுதான். அந்தப் போட்டோவுக்குக் கீழ ஒட்டிட்டேன். மூணு நாள் இவர் சிரிப்புக்குக் கீழ அந்தக் கிறுக்கல் முழுசும் ஊர் பூரா தெரிஞ்சுது. இவர் பார்த்துட்டு, "இது என்ன, என் ஜாதகமா?"ன்னு கேட்டார்.

ஒருவழியா அதைச் சரியான இடத்துல ஒட்டி, எண்ணிக்கை காட்டற பக்கத்தைத் திறந்தேன். 'இப்போது உங்கள் தளத்தில்: 1'ன்னு வந்துச்சு. "என்னங்க, ஒருத்தர் வந்திருக்கார்"னு உள்ள பார்த்துச் சொன்னேன். இவர் ஊசியை வெச்சுட்டு எழுந்து வாசலைப் பார்த்தார். வாசல்ல யாரும் இல்லை. சைட்ல இருந்தது நான். இன்னொரு பக்கம் அதைத் திறந்து வெச்சிருந்தேன். மூடினேன், பூஜ்யம் ஆயிடுச்சு.

அதுக்கப்புறம்தான் அந்த நாப்பது. தினமும் நாப்பது. நான் வேற பெருமையா ஓனர்கிட்ட, "ஆன்லைன்ல நல்ல கூட்டம் சார்"னு சொல்லி வெச்சேன். இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வந்து, எந்த ஊர்லேருந்துன்னு பார்த்தா. நாப்பதுல இருபத்தாறு அவ ஊர்லேருந்து, அவ வீட்டுலேருந்து, ஒரே டேப்லெட்லேருந்து. என் மாமியார்.

போன் போட்டுக் கேட்டேன்.

"என் பையன் முகத்தைப் பார்க்கணும்னு தோணும்போது பார்க்கறேன்"னாங்க. "அதுக்கும் நீ கணக்கு வெப்பியா?"

இதுக்கு மேல என்ன பேசறது. மிச்சத்துல ஒண்ணு எங்க வீடு, ரெண்டு கடைக் கம்ப்யூட்டர். இவர் அதைத் திறந்தாலே எங்க சைட்தான் முதல்ல வர்ற மாதிரி வெச்சிருந்தார், அழகா இருக்குன்னு. எங்க வீடு, கடை, மாமியார் இருக்கற வீடு, மூணையும் எண்ணாதேன்னு இன்ஸ்பெக்டர் ஏதோ செட்டிங் பண்ணினா. மறுநாள் பார்த்தேன். பதினொண்ணு.

பதினோரு பேராவது நிஜம்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா அந்தப் பதினொரு பேரும் வந்து என்னதான் பண்றாங்க? கடைக்கு வரக் காணோமே. வந்ததும் திரும்பிப் போறவங்களை எண்ண ஒரு கணக்கு இருக்காம், பவுன்ஸ் ரேட்டுன்னு பேர். வாசப்படியை மிதிச்சுட்டு அப்படியே திரும்பறவங்க. அதைக் குறைக்கணும்னு நான் பண்ணாத கூத்து இல்லை. எழுத்தைப் பெரிசாக்கினேன். பச்சை பட்டனை ஆரஞ்சு ஆக்கினேன், திரும்பப் பச்சை ஆக்கினேன். இவர் போட்டோவை எடுத்துட்டு வெறும் பெட்டி போட்டோ போட்டேன். பத்து நிமிஷத்துல மாமியார்கிட்டேருந்து போன்.

"என் பையன் எங்க?"

திரும்பப் போட்டேன்.

இதெல்லாம் நடக்கறது சாயந்திரம், ஷட்டரைப் பாதி இறக்கிட்டு டீ குடிக்கற நேரத்துல. ஒரே மேஜை. இந்தப் பக்கம் நான் லேப்டாப்போட, அந்தப் பக்கம் இவர் போனோட. அவருக்கும் ஒரு வேலை இருந்தது. அன்னிக்கு வந்த லோன்காரங்க, கிரெடிட் கார்டுகாரங்க நம்பரை எல்லாம் உக்காந்து பிளாக் பண்ணுவார். பேன் பார்க்கற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்து, நசுக்கி.

"இன்னிக்கு மூணு பேரை முடிச்சேன்"னு சொல்வார்.

"நல்லதாப் போச்சு"ன்னு சொல்லியிருக்கேன். என் வாயாலயே சொல்லியிருக்கேன்.

மாசம் பிறந்ததும் இன்ஸ்பெக்டர் புதுசா ஒண்ணு சொன்னா. "அண்ணி, வர்றவங்களை மட்டும் எண்ணிப் பிரயோஜனம் இல்லை. அந்தப் பட்டனை எத்தனை பேர் அழுத்தறாங்கன்னு எண்ணுங்க. அதுதான் வியாபாரம்." எப்படிப் பண்றதுன்னு போன்ல சொல்லச் சொல்ல நான் பண்ணினேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவை அவ பெருமூச்சு விட்டா, ஒரு தடவை நான் போனை வெச்சுட்டேன்.

மூணு வாரம் போச்சு. இருபத்தஞ்சாம் தேதி கணக்கைத் திறந்து பார்க்கறேன், பட்டனை அழுத்தினவங்க முப்பத்தெட்டு பேர்.

"என்னங்க, இந்த மூணு வாரத்துல புதுசா எத்தனை பேர் போன் பண்ணினாங்க?"

இவர் மேல பார்த்து யோசிச்சார். இவர் ஆளுங்களைப் பேர் வெச்சுச் சேமிக்கறது கிடையாது, பெட்டியை வெச்சுத்தான். இவர் போனை எடுத்துப் பார்த்தா 'பச்சைப் பெட்டி', 'சக்கரம் போன டாக்டர்', 'கிடார் உறை' இப்படித்தான் இருக்கும். "பச்சைப் பெட்டி கூப்பிட்டாங்க. கிடார் உறை கூப்பிட்டார்"னார்.

"அவங்க பழைய ஆளுங்க. புதுசா?"

"புதுசா யாரும் இல்லை. நான்தான் சொன்னேனே, இந்த வெப்சைட்டெல்லாம் நமக்கு ஆகாதுன்னு." அப்புறம் சக்கரத்தைக் கழட்டிக்கிட்டே, என்னைப் பார்க்காம, "குடோன் அண்ணன்கிட்ட வர்றேன்னு சொல்லிடட்டுமா?"ன்னார்.

"முப்பதாம் தேதி வரைக்கும் வாயைத் திறக்காதீங்க"ன்னுட்டு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, நீங்க தப்பா செட் பண்ணியிருப்பீங்க."

"நீ சொன்னதைத்தான் பண்ணினேன்."

"நான் சொன்னதைப் பண்ணியிருந்தா சரியா வந்திருக்கும்."

ரெண்டு நாள் இதே பாட்டு. பட்டன் மேல தப்பா, கணக்கு மேல தப்பா, என் மேல தப்பான்னு. அவ உக்காந்து எல்லாத்தையும் சோதிச்சா. அவ அங்க பட்டனை அழுத்தினா, இங்க இவர் போன் அடிச்சுது, திரையில இவர் குட்டி வயசுல அவளைத் தூக்கி வெச்சிருக்கற போட்டோ வந்துச்சு. எல்லாம் சரியா இருக்கு. "அப்போ அழுத்திட்டு மனசு மாறி கட் பண்ணிடறாங்க போல"ன்னா. முப்பத்தெட்டு பேருக்குமா மனசு மாறும்? அப்படி என்ன மனசு அது?

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம். லேப்டாப்பைத் தூக்கிட்டு இவர் வேலை செய்யற மேஜைக்கே போயிட்டேன். இப்போ யார் சைட்ல இருக்காங்கன்னு காட்டற பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு, பூனை எலிப் பொந்தைப் பார்க்கற மாதிரி உக்காந்தேன். இவர் எதிர்ல ஒரு லேப்டாப் பைக்கு ஜிப் மாத்திக்கிட்டிருந்தார். போன் அவர் கைப்பக்கம், பசை டப்பாவுக்குப் பக்கத்துல இருந்தது.

ஒண்ணே முக்காலுக்கு சைட்டுக்குள்ள ஒருத்தர் வந்தார். சக்கரம் மாத்தறதைப் பத்தின பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் விலைப் பக்கம். நான் மூச்சு விடலை.

அப்போ மேஜை மேல இவர் போன் திரை எரிஞ்சுது. சத்தம் இல்லை, அதிரவும் இல்லை. சும்மா ஒரு நம்பர், வெளிச்சமா. இவர் ஓரக்கண்ணால பார்த்தார். பார்த்துட்டு, பல்லுல நூலைக் கடிச்சுக்கிட்டே, போனைக் கவுத்து வெச்சுட்டார்.

நாலஞ்சு செகண்ட் கழிச்சு என் திரையில வந்துச்சு. பட்டன் அழுத்தம்: 1.

"யாருங்க அது?"

"எது?"

"இப்போ வந்துச்சே, போன்."

"லோன்காரன். சாயந்திரம் பார்த்துக்கறேன்."

"லோன்காரன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாத நம்பரா இருந்துச்சு"ன்னார். அவ்வளவு நிதானமாச் சொன்னார். "தெரியாத நம்பர் எதுவும் சத்தமே போடாத மாதிரி செட்டிங் போட்டிருக்கேன். அன்னிக்குத் தோல் பைக்குத் தையல் போடும்போது லோன்காரி கூப்பிட்டு ஊசி விரல்ல ஏறலை? அன்னிலேருந்து."

நான் எழுந்து அந்தப் போனை எடுத்தேன். பிளாக் பண்ணின நம்பரெல்லாம் இருக்கற இடத்தைத் திறந்தேன். தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருக்கு. நூத்தி இருபத்தேழு.

"இவ்வளவு பேரும் லோன்காரங்களா?"

"ஆமா."

"பேசிப் பார்த்தீங்களா?"

"பேசினாத்தான் மாட்டிக்குவோமே."

"புதுசா வர்ற ஆளு எப்படிங்க தெரிஞ்ச நம்பர்லேருந்து கூப்பிடுவான்?" என் குரல் எனக்கே அடையாளம் தெரியலை. "தெரியாதவங்கதாங்க புது வாடிக்கை. நான் இந்தப் பக்கம் உக்காந்து ஒவ்வொருத்தரையா உள்ள கூட்டிட்டு வர்றேன், நீங்க அந்தப் பக்கம் உக்காந்து ஒவ்வொருத்தரையா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருக்கீங்க. ஒரே மேஜையில. எனக்கு டீ ஊத்திக் குடுத்துக்கிட்டே."

இவர் ஊசியைக் கீழ வெச்சார். நூத்தி இருபத்தேழையும் கீழேருந்து மேல ஒரு தடவை பார்த்தார். வாயிலேருந்து நூல் தொங்கிக்கிட்டிருந்தது, எடுக்கத் தோணலை.

எனக்கு அழுகை வந்துச்சு, ஆத்திரத்துல. வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதைன்னு சொல்வாங்க. நாங்க வெண்ணெயைத் தினமும் டீ நேரத்துல எண்ணி எண்ணி சாக்கடையில கொட்டியிருக்கோம். இன்ஸ்பெக்டரும் நானும் அழுத்திப் பார்த்தா ஏன் அடிக்காது? ரெண்டு பேரும் தெரிஞ்ச நம்பர்.

எல்லா நம்பரையும் விடுவிச்சோம். ஒவ்வொண்ணாக் கூப்பிட ஆரம்பிச்சோம். முதல் ஆறு பேர் எடுக்கலை. ஏழாவது ஆள் எடுத்து, "லோன் எதுவும் வேணாம்"னு சொல்லிக் கட் பண்ணிட்டார். எட்டாவது ஆளும் அதையேதான். அவங்களுக்கு நாங்க தெரியாத நம்பர்.

"பார்த்தியா, எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க"ன்னு இவர் மெல்ல ஆரம்பிச்சார். நான் பார்த்த பார்வையில அப்படியே நிறுத்திட்டார்.

அப்புறம் இன்ஸ்பெக்டர் சொன்னபடி எல்லாருக்கும் ஒரு மெசேஜ் அனுப்பினேன். 'பெட்டி ரிப்பேர் கடையிலிருந்து. நீங்கள் கூப்பிட்டபோது எடுக்காதது எங்கள் தப்பு. பெட்டி இன்னும் சரியாகவில்லை என்றால் கொண்டு வாருங்கள், உடனே பார்த்துத் தருகிறோம்.' அவங்கள்ல நிஜமான லோன்காரங்களும் இருப்பாங்க. இருந்துட்டுப் போகட்டும், அவங்ககிட்டயும் பெட்டி இருக்கும்.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் வரைக்கும் யாரும் வரலை. எட்டுப் பேர் பதில் போட்டிருந்தாங்க. வேற கடையில குடுத்துட்டோம், புதுசு வாங்கிட்டோம், தூக்கிப் போட்டுட்டோம். இவர் அதை ஒவ்வொண்ணாப் படிச்சார். படிச்சு முடிச்சு, சுவத்தைப் பார்த்தார்.

மூணு மணிக்கு ஒரு அம்மா வந்தாங்க. என் வயசுதான் இருக்கும். ஒரு பெரிய நீலப் பெட்டியை இடுப்புல முட்டுக் குடுத்துத் தூக்கிட்டு வந்து மேஜை மேல டொம்முனு வெச்சாங்க. பெட்டியைச் சுத்தி மூணு வரிசைக்குக் கயிறு, துணி காயப் போடற கயிறு.

"ஒன்பது தடவை கூப்பிட்டேன்"னாங்க. இவரைப் பார்த்துத்தான் சொன்னாங்க, போட்டோவுல முகம் தெரியுமே. "ரெண்டு நாள்ல ஒன்பது தடவை. ஜிப் வாயைப் பிளந்துடுச்சு. பொண்ணை ஹாஸ்டல்ல சேர்க்கப் போகணும். உங்க சைட்ல பளிச்சுன்னு போட்டிருக்கீங்க, ஒரு மணி நேரத்துல சரி பண்ணித் தருவோம், இப்பவே கூப்பிடுங்கன்னு. கூப்பிட்டேனே. எடுத்து முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற இடம் பார்த்திருப்பேன்."

இவர் எழுந்து நின்னார்.

"கயிறு கட்டித்தான் கூட்டிட்டுப் போனேன். அந்தப் பிள்ளைங்க எல்லாம் புதுப் பெட்டியை உருட்டிக்கிட்டு வருதுங்க. என் பொண்ணு அறைக்குள்ள போனதும் இதைக் கதவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சா. துணியை எடுத்துக்கிட்டு, அம்மா நீ இதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுன்னா." கயிறு மேல கை வெச்சுக்கிட்டு நின்னாங்க. "அடுத்த வாரம் பார்க்கப் போறேன். அதுக்குள்ள ஆகுமா, ஆகாதா? அதையாவது வாயைத் திறந்து சொல்லுங்க."

"இப்பவே ஆகும். உக்காருங்க"ன்னார் இவர். "தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுக்குங்க."

கயிறை வெட்டாம, முடிச்சு ஒவ்வொண்ணா அவுத்தார். ரன்னர் ரெண்டும் போயிருந்துச்சு, பல்லும் ஒரு பக்கம் பிஞ்சு கிடந்துச்சு. ஜிப்பையே முழுசா மாத்தினார். கேக்காமலே சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார், கைப்பிடியை இறுக்கினார், ஓரத்துல இருந்த கீறலுக்கு நீலச் சாயம் தடவினார். ஒண்ணரை மணி நேரம் தலையைத் தூக்கலை. காசு வேணாம்னார். அந்த அம்மா முறைச்சு, மேஜை மேல வெச்சுட்டுத்தான் போனாங்க. போகும்போது பெட்டியைத் தெரு முனை வரைக்கும் உருட்டிக்கிட்டே போனாங்க. இவர் வாசல்ல நின்னு அந்தச் சக்கரச் சத்தம் நிக்கற வரைக்கும் கேட்டார். கயிறு எங்க மேஜையிலேயே இருந்துடுச்சு.

உள்ள வந்து, "ஓனர் நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றார்?"னு கேட்டார்.

"பத்துக்கு."

"ஒரு வருஷத்துக்குத்தான் போடணுமா, ரெண்டு வருஷத்துக்குப் போடலாமா?"

நான் அந்தக் கயிறைச் சுருட்ட ஆரம்பிச்சேன். பதில் சொல்லியிருந்தா அழுதிருப்பேன், அந்தச் சந்தோஷத்தை அவருக்கு அவ்வளவு சீக்கிரம் குடுக்க எனக்கு இஷ்டமில்லை.

மறுநாள் பத்தேகாலுக்குக் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கார், மேஜை மேல போன் அடிக்குது. சத்தமா. தெரியாத நம்பர். ஓனர் எதிர்ல காத்துக்கிட்டிருக்கார். இவர் பேனாவை வெச்சுட்டு, ரெண்டு கையாலயும் போனை எடுத்து, "வணக்கம், பெட்டி ரிப்பேர், சொல்லுங்க"ன்னார்.

கிரெடிட் கார்டு விக்கற பொண்ணு. எனக்கே கேட்டுச்சு. இவர் என்னைப் பார்த்தார். நான் பாதியில நின்ன கையெழுத்தைப் பார்த்தேன்.

"சொல்லுங்கம்மா"ன்னு சொல்லி, ஏழு நிமிஷம் கேட்டார். கேக்கட்டும். நூத்தி இருபத்தேழு பேர்கிட்ட பேசாத பாக்கி இருக்கு.